நாய் இருக்கிற வீட்டுக்குப் பெஸ்ட் கண்ட்ரோல்: எந்தச் சேவையை வாங்கலாம், எதை வாசலோடு திருப்பி அனுப்பலாம்

பெஸ்ட் கண்ட்ரோல் கம்பெனிக்குப் போன் போட்டு "வீட்டில் நாய் இருக்கிறது" என்று சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பிரச்சினையே இல்ல சார், எல்லாம் ஹெர்பல்தான், வாசனையே வராது." இந்தப் பதிலுக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம். வாசனைக்கும் விஷத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஸ்ப்ரே அடித்ததும் மூக்கைத் துளைக்கும் மண்ணெண்ணெய் வாடை பெரும்பாலும் மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் எண்ணெயிலிருந்து வருவது. வாடையே இல்லாத பவுடர் வகையிலும் அதே மருந்து இருக்கலாம். நாய்க்கு உண்மையில் ஆபத்தான எலிக் கேக்கோ கோதுமை மாவு மணத்தோடு, கடித்துத் தின்னத் தோதாக வருகிறது.

அதனால் கம்பெனிகள் வைத்திருக்கும் பேக்கேஜ் பெயர்களை ஒதுக்கிவிட்டு, உள்ளே இருக்கும் மருந்தை வைத்தே ஒவ்வொரு சேவையையும் மதிப்பிடுகிறோம்.

கரப்பானுக்கு ஜெல்: கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்

நாய் வளர்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல சேவை கிடையாது. சிரிஞ்சு போன்ற ட்யூபில் வரும் ஜெல்லில் ஃபிப்ரோனில் 0.05% அல்லது இமிடாகுளோப்ரிட் 2.15% இருக்கும். கணக்கைப் பாருங்கள். ஃபிப்ரோனில் ஜெல் 30 கிராம் ட்யூப் முழுவதிலும் இருக்கும் மருந்து 15 மி.கி. மட்டுமே. உண்ணிக்காக நாயின் முதுகில் விடும் ஃபிப்ரோனில் ஸ்பாட்-ஆன் மருந்தில், 10 முதல் 20 கிலோ நாய்க்கான ஒரு பிப்பெட்டில் (ஒரு தடவைக்கான சிறு குழாய்) மட்டும் 134 மி.கி. இருக்கிறது. தோலில் விடுவதும் வயிற்றுக்குள் போவதும் ஒன்றல்ல என்றாலும், அளவு எவ்வளவு சிறியது என்பது புரியும். ஒரு பொட்டு ஜெல் 0.1 கிராம் என்றால் அதில் உள்ள ஃபிப்ரோனில் 0.05 மி.கி. நாய் நாலு பொட்டை நக்கிவிட்டால் வாய் ஓரத்தில் கொஞ்சம் எச்சில் வழியலாம், அவ்வளவுதான். இமிடாகுளோப்ரிட் ஜெல்லில் செறிவு அதிகம், ஒரு பொட்டில் 2.15 மி.கி. வரும். அதுவும் நடுத்தர அளவு நாய்க்குப் பயப்படும் அளவல்ல. வீட்டில் முயல் இருந்தால் மட்டும் ஃபிப்ரோனில் பக்கமே போகாதீர்கள், முயலுக்கு அது ஆகாது.

ஜெல்லில் உண்மையான ஆபத்து காலி ட்யூப். டெக்னீஷியன் அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போவார், நாய் கவ்விக்கொண்டு போய்க் கடிக்கும், பிளாஸ்டிக் துண்டு குடலை அடைக்கும். கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

பொட்டு வைக்கும் இடம்தான் சேவையின் தரத்தைக் காட்டும். தெரிந்த டெக்னீஷியன் சமையலறை அலமாரியின் கீல்கள், ஸிங்க்குக்கு அடியில் பைப் சுவருக்குள் நுழையும் ஓட்டை, ஃபிரிட்ஜின் பின்புறம் கம்ப்ரஸர் பக்கம், மிக்ஸி வைக்கும் மேடையின் அடிவிளிம்பு என்று துவரம்பருப்பு அளவில் நிறைய சின்னப் பொட்டுகள் வைப்பார். தெரியாதவர் நாலு இடத்தில் பெரிய உருண்டையாகப் பிதுக்கிவிட்டுப் போவார். பெரிய உருண்டை மேலே காய்ந்து ஏடு கட்டிவிடும், கரப்பான் தின்னாது, நாய்க்கு மட்டும் வசதி.

ஜெல் வைத்த அதே அலமாரியில் அன்றே ஸ்ப்ரேயும் அடிப்பது "டபுள் ட்ரீட்மென்ட்" என்று விற்கப்படுகிறது. இது வெறும் தண்டச் செலவு. ஸ்ப்ரேயில் இருக்கும் பைரத்ராய்ட் மருந்து கரப்பானை விரட்டும் குணம் கொண்டது. மருந்து பட்ட ஜெல் பக்கம் பூச்சி வராது. நாயின் பக்கம் இருந்து பார்த்தாலும் தேவையில்லாத ஒரு மருந்து வீட்டுக்குள் வந்ததுதான் மிச்சம். சமையலறைக்கு ஜெல், வெளியே சாக்கடை மேன்ஹோலுக்கு மட்டும் ஸ்ப்ரே என்று பிரித்துக் கேளுங்கள். சமையலறையில் சுற்றும் சின்ன ஜெர்மன் கரப்பானுக்கு ஜெல் போதும், சாக்கடையிலிருந்து ஏறி வரும் பெரிய கரப்பானுக்குத்தான் ஸ்ப்ரே வேண்டும்.

பொது ஸ்ப்ரே: வாங்கலாம், நாய் வெளியே இருந்தால்

ஸ்கர்ட்டிங் ஓரமாக அடிக்கும் ஸ்ப்ரேயில் இன்று பெரும்பாலும் வருவது டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின் போன்ற பைரத்ராய்டுகள். டெல்டாமெத்ரினும் லாம்ப்டாவும் தண்ணீரில் கலந்தபின் பொதுவாக 0.1%க்கும் கீழேதான் இருக்கும். நாயின் கல்லீரல் இவற்றை வேகமாக உடைத்துவிடும். பூனைக்கு அந்தத் திறன் இல்லை, ஆகவே வீட்டில் பூனையும் இருந்தால் காயும்வரை காத்திருப்பதில் இருமடங்கு கண்டிப்பு வேண்டும். மீன் தொட்டி இருந்தால் ஏர் பம்ப்பை நிறுத்தி ஈரத்துணியால் மூடுங்கள். மீனுக்கு இந்த மருந்து துளி போதும்.

கலக்கும்போது நின்று பாருங்கள். லேபிள் இல்லாத மினரல் வாட்டர் பாட்டிலில் மருந்து வந்தால் அந்த ஆளை அப்படியே அனுப்பிவிடலாம். 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஒவ்வொரு பாட்டிலிலும் மருந்தின் பெயர், செறிவு, பதிவு எண், நச்சு முக்கோணம் எல்லாம் இருக்க வேண்டும். முக்கோணத்தின் நிறம் சிவப்பு என்றால் மிகக் கடுமையான நச்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. நாய் இருக்கும் வீட்டுக்குள் நீலம், பச்சை தவிர வேறெதுவும் வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். லேபிளைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு ஏதாவது ஆனால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

டைக்ளோர்வாஸ் மருந்தை இன்னும் "ஸ்ட்ராங் மருந்து" என்று கொண்டு வருபவர்கள் உண்டு. இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் அதைப் பயன்படுத்தவே தடை. நரம்பைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகையான அதை நாய் சுவாசித்தாலே எச்சில் ஒழுகல், கண்ணீர், கழிச்சல், கண் பாப்பா சுருங்குதல் என்று போகும்.

"ஹெர்பல்" என்று வருபவற்றிலும் லேபிளைப் படிக்க வேண்டும். வேப்பெண்ணெய் மட்டும் என்றால் நாய்க்குப் பெரிய தொல்லை இல்லை, கரப்பானுக்கும் பெரிய தொல்லை இல்லை. டீ ட்ரீ எண்ணெய் இருந்தால் வேண்டாம், செறிவு அதிகமானால் நாய் தள்ளாடும். ஹெர்பல் சேவையை வாங்கிவிட்டு "பாதுகாப்பாக இருக்கட்டும்" என்று குளியலறை ஜல்லடையில் அந்துருண்டை போடும் வீடுகள் நிறைய. நாஃப்தலீன் உருண்டை சிவப்பணுக்களை உடைக்கும். சின்ன நாய்க்கு ஒன்றே போதும். ஸ்ப்ரேயைவிட அதுதான் வீட்டிலேயே மோசமான பொருளாக இருக்கும்.

அன்றைக்கு என்ன செய்வது

டெக்னீஷியன் வருவதற்கு முன்பே நாய் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். எங்கே என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கட்டுவதும் காரில் பூட்டி வைப்பதும் எந்த மருந்தைவிடவும் சீக்கிரம் நாயைக் கொன்றுவிடும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்குச் சொல்லவே வேண்டாம். தெரிந்தவர் வீடு, போர்டிங், அல்லது நிழலான பூங்கா. பால்கனி வேண்டாம், ஜன்னல் வழியாக ஆவி அங்கேதான் வரும்.

சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர்க் கிண்ணம், பொம்மை, படுக்கை எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் கட்டி பாத்ரூமிலோ காரிலோ வைத்துவிடுங்கள். திறந்திருக்கும் உலர் தீவனப் பை மறந்துபோகும் பொருள். அதை இறுக்கிக் கட்டி உயரத்தில் வையுங்கள். தட்டு இருந்த மூலையை மட்டும் ஸ்ப்ரே அடிக்காமல் விடச் சொல்லலாம், அதற்குக் கூடுதல் காசு கேட்க மாட்டார்கள்.

முடிந்தபின் ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியும் எக்ஸாஸ்டும் போட்டு, குறைந்தது 4 மணி நேரம். கார்த்திகை மழையில் தரை காய மறுக்கும், அப்போது 6 மணி நேரம் ஆகட்டும். கையால் தொட்டுப் பார்த்து ஈரம் இல்லை என்றால்தான் காய்ந்தது. பிறகு தரையின் நடுப்பகுதியைச் சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை துடையுங்கள். சுவரோரம் ஒரு சாண் அகலத்தை விட்டுவிடுங்கள். அங்கே மருந்து இருந்தால்தான் பூச்சி சாகும். நாயின் படுக்கையைச் சுவரோரத்திலிருந்து நடு ஹாலுக்கு நகர்த்துங்கள், இரண்டு வாரம் அங்கேயே இருக்கட்டும். நாய்க்கு மருந்து போகும் வழி மூக்கைவிட நாக்குதான். ஈரத் தரையில் நடந்த பாதத்தை உட்கார்ந்து நக்கும், அதோடு உள்ளே போகும். வீட்டுக்குள் வந்த முதல் நாள் ஈரத்துணியால் நாலு பாதத்தையும் துடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அன்று இரவு காது மடல் துடிப்பது, பாதத்தை உதறுவது, எச்சில் கொட்டுவது தெரிந்தால் தோலில் மருந்து பட்டிருக்கிறது என்று அர்த்தம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு போட்டுக் குளிப்பாட்டுங்கள். சுடுதண்ணீர் கூடாது, தோல் இன்னும் உறிஞ்சும். டெட்டால், பினாயில் கிட்டவே வர வேண்டாம். நடுக்கமோ வலிப்போ வந்தால் குளியலை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

கரையான்: மருந்தை மாற்றச் சொல்லி வாங்குங்கள்

சுவரும் தரையும் சேரும் இடத்தில் 12 மி.மீ. ட்ரில்லால் ஓர் அடிக்கு ஒரு துளை போட்டு மருந்தை இறக்குவார்கள். மலிவான கோட்டேஷன் என்றால் உள்ளே குளோர்பைரிபாஸ் 20% ஈ.சி. (எண்ணெயில் கரைத்த வகை) இருக்கும், 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர் கலந்து 1% ஆக்கி ஊற்றுவது. இதுவும் ஆர்கனோபாஸ்பேட், வாடை நாள்கணக்கில் நிற்கும். கொஞ்சம் அதிகம் கொடுத்து இமிடாகுளோப்ரிட் 30.5% எஸ்.சி. (தண்ணீரில் கலந்த வகை) கேளுங்கள். வாடையில்லாததற்காக அல்ல, நாய்க்கு அதன் நச்சு குறைவு என்பதற்காக. வேலை சுத்தமாக இருந்தால் மருந்து சுவருக்குள் போய்விடும், நாய்க்குத் தொடர்பே இல்லை.

சொதப்புவது துளையை மூடுவதில். வெள்ளை சிமென்ட் மறுநாள் வந்து வைக்கிறோம் என்று போய்விடுவார்கள். இரவு முழுக்க மருந்து ஊறிய துளைகள் சரியாக நாயின் மூக்கு உயரத்தில் வரிசையாக இருக்கும். அன்றே மூடாவிட்டால் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். தோட்டத்தில் மண்ணில் ஊற்றினால் இரண்டு வாரத்துக்கு அந்தப் பக்கம் தோண்ட விடாதீர்கள். கிணறு இருந்தால் அதன் ஓரத்தில் ஊற்றவே விடக் கூடாது.

உண்ணிக்கு வீட்டு ஸ்ப்ரே: பாதி வேலை

நாய்க்காகவே வாங்கும் ஒரே பெஸ்ட் கண்ட்ரோல் இது. அதனாலேயே தவறும் இதில்தான் அதிகம். இரத்தம் குடித்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் விரிசலிலோ கட்டில் இடுக்கிலோ போட்டோ ஃபிரேமுக்குப் பின்னாலோ ஏறி, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாலாயிரம் வரை போகும். ஸ்ப்ரே முட்டையைக் கொல்லாது. ஆகவே ஒரே விசிட்டில் முடிப்பதாகச் சொல்லும் கம்பெனி பொய் சொல்கிறது. இரண்டு மூன்று வாரம் கழித்து இரண்டாவது விசிட் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். தரையை மட்டும் அடித்துவிட்டுப் போனாலும் வீண். உண்ணி மேலே ஏறும் பூச்சி, கூரை விளிம்பு வரை விரிசல்களில் அடிக்க வேண்டும்.

வீட்டுக்கு ஸ்ப்ரே அடிக்கும் அதே நாளில் நாயையும் உண்ணி மருந்தில் குளிப்பாட்டுவது பல வீட்டு வழக்கம். வீட்டில் டெல்டாமெத்ரின், நாய் மேலும் டெல்டாமெத்ரின், கழுத்தில் ஃப்ளூமெத்ரின் பட்டை என்றால் ஒரே குடும்பத்து மருந்து மூன்று வழியாக ஏறுகிறது. ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். இதைவிட நல்லது, நாய்க்கு மாத்திரை கொடுப்பது. ஃப்ளூராலனர் 12 வாரம் தாங்கும், அஃபாக்ஸோலனர் மாதம் ஒருமுறை. வலிப்பு வந்த நாய் என்றால் இரண்டுக்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டும். அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்தைக் கொண்டு வந்தால், அது சர்க்கரை நோய் உள்ள நாய்க்கும் குட்டிக்கும் ஆகாது. நாய் சோர்ந்து படுத்து, உடம்பு சில்லிட்டு, இதயத்துடிப்பு குறைந்தால் அது அமிட்ராஸ் நச்சு. அதற்கு முறிமருந்து உண்டு என்பதால் நேரம் தாழ்த்தாமல் போனால் காப்பாற்றிவிடலாம்.

எலி: இந்தச் சேவையைத் தொடாதீர்கள், அல்லது பொறி மட்டும்

மற்ற எல்லாவற்றையும் பேரம் பேசி வாங்கலாம். இதில் பேரமில்லை. எலி மருந்து பாலூட்டியைக் கொல்லச் செய்த மருந்து, நாயும் பாலூட்டி. 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே எலி மருந்து வைக்கப்பட்ட வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு சிறு குழந்தைகள் இறந்துபோனார்கள். மனிதக் குழந்தைக்கே அப்படி என்றால், எதையும் மோந்து தின்னும் நாய்க்கு எப்படி?

இருப்பதிலேயே மோசமானது துத்தநாக பாஸ்பைடு, சாம்பல் கறுப்புப் பவுடர். நாய்க்கு உயிர்போகும் அளவு கிலோவுக்கு 20 முதல் 40 மி.கி. பத்து கிலோ நாய்க்கு 80% பவுடரில் கால் கிராமிலிருந்து அரை கிராம் போதும். அரிசியில் 2% கலந்து வைத்த இரை என்றால் 10 முதல் 20 கிராம், ஒரு கைப்பிடிகூட வேண்டாம். வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பும், பூண்டு வாடை வரும். அந்த நாய்க்குப் பாலோ பிரெட்டோ கொடுத்தால் அமிலம் சுரந்து வாயு இன்னும் அதிகமாகும். வாந்தி எடுத்தால் ஜன்னலைத் திறந்து நீங்களும் விலகி நில்லுங்கள், அந்த வாயு உங்களுக்கும்தான். மஞ்சள் பாஸ்பரஸ் 3% பேஸ்ட்டைத் தமிழ்நாடு அரசு தடை செய்துவிட்டது. பழைய ட்யூப் அலமாரியில் கிடந்தால் இன்றே அகற்றுங்கள், கல்லீரலைக் கரைக்கும் அதற்கு முறிமருந்து இல்லை.

கம்பெனிகள் "சேஃப்" என்று கொண்டு வருவது புரோமாடியோலோன் 0.005% கேக். 20 கிராம் கேக்கில் மருந்து 1 மி.கி. ஒரு கேக்கைத் தின்ற லாப்ரடார் அன்றே செத்துவிடும் என்று நாங்கள் பயமுறுத்தவில்லை. சிக்கல் வேறு. கம்பெனி வீடெங்கும் எட்டுப் பத்து கேக் வைக்கும், நாய் ஒன்றைத் தின்றால் மீதியைத் தேடிப் பிடிக்கும், மருந்து கல்லீரலில் வாரக்கணக்கில் தங்கி சேர்ந்துகொண்டே போகும். மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்றாலும் உள்ளே வரும். தின்ற அன்று நாய் ஜோராக விளையாடும். இரத்தம் உறையாமல் போவது 3 முதல் 5 நாள் கழித்துத்தான் தெரியும்: வெளுத்த ஈறு, சோர்வு, இருமல், மூக்கில் இரத்தம். அதற்குள் கேக் வைத்த ஞாபகமே வீட்டுக்காரருக்கு இருக்காது.

வேறு வழியே இல்லை என்றால் பூட்டுப் போட்ட பெட்டிக்குள், கேக்கைக் கம்பியில் கோத்து, பெட்டியைச் சுவரில் திருகி வைக்க வேண்டும். எத்தனை கேக் என்று எண்ணி எழுதி வாங்குங்கள், அடுத்த விசிட்டில் எண்ணிப் பாருங்கள். நாங்கள் சொல்வது பொறி. எலிப்பசை அட்டை வைத்தால் நாயின் மூக்கும் தாடியும் ஒட்டும், அப்போது இழுக்காதீர்கள், மண்ணெண்ணெயும் வேண்டாம். தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ தடவி ஊறவிட்டு மெல்லப் பிரியுங்கள்.

கொசு, மூட்டைப்பூச்சி பற்றி இரண்டே வரி. தெருவில் புகை அடிக்கும்போது நாயை உள்ளே விட்டு ஜன்னலை மூடுங்கள். மூட்டைப்பூச்சிக்கு நீராவி முறை கிடைத்தால் அதையே எடுங்கள், ஸ்ப்ரே என்றால் 15 நாள் கழித்து மறுபடி வர வேண்டும், இரண்டு முறையும் நாயின் மெத்தை உறையை வெந்நீரில் துவைக்க வேண்டும்.

தின்றுவிட்டால்

உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சோப்புத் தண்ணீர் எதுவும் ஊற்றாதீர்கள். உப்பு மட்டுமே நாயைக் கொன்றுவிடும். எண்ணெய் கலந்த ஸ்ப்ரேயை நக்கிய நாயை வாந்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போகும். லேபிள் படம், மீதிக் கேக் அல்லது கடித்த உறை, தின்ற நேரம், நாயின் எடை, இந்த நாலோடு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கேக் தின்று நாலு மணி நேரத்துக்குள் போனால் வயிற்றிலிருந்தே பெரும்பகுதியை எடுத்துவிட வாய்ப்புண்டு.

புரோமாடியோலோனுக்கு முறிமருந்து வைட்டமின் கே1, அதாவது ஃபைட்டோமெனாடையோன். கடையில் "வைட்டமின் கே" என்று மட்டும் கேட்டு வாங்கினால் கே3 வந்துவிடலாம், மெனாடையோன் என்று போட்டிருக்கும் அது இதற்கு வேலை செய்யாது. டாக்டர் எழுதும் அளவு வழக்கமாக நாளுக்கு கிலோவுக்கு 2.5 முதல் 5 மி.கி., கொழுப்பான சாப்பாட்டோடு கொடுத்தால் நன்றாக உறிஞ்சும். நாய் தேறிவிட்டது என்று ஒரு வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள், நாலு வாரம் வரை போகும். கடைசி டோஸ் கொடுத்து 48 முதல் 72 மணி நேரத்தில் இரத்தம் உறையும் நேரத்துக்கான பி.டி. பரிசோதனை செய்து, அது சரியாக வந்தால்தான் மருந்து இனி வேண்டாம் என்று முடிவு செய்யலாம்.